தொட்டியின் அடிமணல்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் மீனின் நிறத்தையும் வடிவையும் ஆராய்ந்து வாங்குவர். தொட்டியின் அடியில் இடும் மணலையோ கைக்குக் கிடைத்தவாறு அள்ளி இடுவர். மீனுக்கு அம்மணலே தரை என்பதை அவர் எண்ணுவதில்லை.

திண்டுக்கல், மதுரைப் பக்கத்தார் நன்கறிந்த அயிரை மீனை எடுத்துக்கொள்வோம். விரல் நீளமே உள்ள இம்மீன் மணற்பாங்கான ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழ்வது. வாயைச் சுற்றியுள்ள மெல்லிய மீசைகளால் மணலைத் துழாவி இரை தேடும். மணலை வாயில் வாங்கி, இரையைக் கொண்டு, எஞ்சியதைச் செவுள் வழியே வெளிவிடும். அச்சம் நேர்ந்தால் நொடியில் மணலுள் புதைந்துவிடும். அயிர் என்னும் பழஞ்சொல்லுக்கு நுண்மணல் என்பது பொருள். அயிரில் வாழ்வது அயிரை ஆயிற்று என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. பெயரிலேயே மணலைக் கொண்ட மீனைக் கூரிய கற்பொடியின்மேல் வாழவிடுதல் முறையாகுமோ?

ஆதலின் முதற்கண் நோக்கத்தக்கது மணியின் வடிவு. ஆற்றுமணல் நெடுந்தொலைவு நீரால் உருட்டப்பட்டு முனை மழுங்கியது. கருங்கல்லை எந்திரத்தால் உடைத்துச் செய்யும் ‘எம்-சாண்டு’ கட்டடத்திற்கு ஏற்றதே; ஆனால் அதன் மணிகள் முனையுடையவை; மீனின் மீசையும் வயிறும் உராய்ந்து புண்படக்கூடும். மணி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவினதாயிருத்தல் நன்று. அதனினும் நுண்ணியது இறுகிவிடும். பருத்த கூழாங்கல்லாயின் இடுக்குகளில் உணவு வீழ்ந்து அழுகும்.

அடுத்து ஆராயவேண்டியது சுண்ணாம்பு. இராமேசுவரம் சென்று மீள்வோர் சிலர் கடற்கரை மணலைக் கொண்டுவந்து இடுவதுண்டு. அதில் உப்பும் உடைந்த கிளிஞ்சலும் கலந்திருக்கும். நம் சமவெளி மணலிலும் சுக்கான்கல் துணுக்குகள் கிடப்பதுண்டு. இவை மெல்லக் கரைந்து நீரைக் கடின நீராக்கும், காரத்தன்மையையும் மிகுவிக்கும். திண்டுக்கல் வட்டாரக் கிணறுகள் பலவற்றின் நீர் முன்னரே கடினமானது. சோதிக்கும் வழி எளிது. உலர்ந்த மணலில் ஒரு கரண்டி எடுத்து எலுமிச்சம்பழச் சாற்றையோ காடியையோ ஊற்றுக. குமிழி பொங்கி எழுந்தால் அம்மணலில் சுண்ணாம்பு உண்டு, விலக்குக.

மணலுக்காகக் குடகனாற்றுக்குச் செல்லலாமோ எனின், வேண்டா. கீழ்ப்பழனி மலையில் தோன்றி அமராவதியிற் கலக்கும் அவ்வாறு ஆண்டில் பல திங்கள் வறண்டே கிடப்பது. மழைநீரை உள்வாங்கிக் கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டுவது அதன் மணற்படுகையே. தமிழ்நாட்டில் ஆற்றுமணல் அள்ளுவதை 2003ஆம் ஆண்டு முதல் அரசே தன் பொறுப்பில் ஏற்றது. ஒரு பை மணலால் ஆறு அழியாது என்பது மெய்யே. ஆனால் லாரி கொண்டு வந்தவரும் அவ்வாறே சொன்னார். வீடு கட்டி மிஞ்சிய மணலைக் கேட்டு வாங்கிச் சலித்துக்கொள்ளலாம். சிமெண்டு கலவாதிருத்தல் வேண்டும்.

எவ்வளவு மணல் வேண்டும்? இரண்டு அடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியில் இரண்டு அங்குல உயரம் பரப்பப் பதினான்கு கிலோ அளவு போதும். மேலும் உயர்த்தினால் அடியில் உயிர்வளி புகாது. அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுவளி தோன்றும். மணலை வாளியிலிட்டு, தெளிந்த நீர் வழியும்வரை பலமுறை அலசுக. சவர்க்காரம் கூடவே கூடாது. மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் நீரை மெல்ல வார்த்தால் கலங்காது.

நீர் தெளிந்தவுடன் மீன்களையெல்லாம் ஒருங்கே விட்டுவிடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. மணலின்மேல் படிந்து வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களே இருக்கட்டும். நெடுநாள் நோயின்றி நடைபெறும் தொட்டியுடைய நண்பர் இருப்பின், அவரிடம் ஒரு கைப்பிடி பழைய மணல் பெற்றுப் புதுமணலில் தூவுக. நுண்ணுயிர்கள் விரைவிற் பெருகும்.