தேற்றாங்கொட்டையும் கோவாச் சுவாமியாரும்

பின்னேரம் பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டுமாக விறாந்தையில் இருந்தபோது, எங்கள் சபைத் தம்பி ஒருவன் துண்டுப்பிரசுரம் ஒன்றின் மாதிரியைக் கொண்டுவந்து நீட்டினான். கிறிஸ்தவ முதிர்ச்சியால் மற்றவர்களை ஈர்ப்பது எப்படி என்று தலைப்பு. கீழே எட்டுக் குறிப்புகள். எட்டாவது, சந்தியில் ஒலிபெருக்கி கட்டுவது.

“மாஸ்டர், ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாங்கோ.”

எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினேன். பிறகு தலைப்பிலேயே நின்றுவிட்டேன். “முதிர்ச்சி எண்டால் என்ன தம்பி?” என்று கேட்டேன்.

“விசுவாசத்தில தேறுறது, மாஸ்டர்.”

யோசித்துச் சொன்னானோ வாயில் வந்ததைச் சொன்னானோ தெரியாது. ஆனால் சரியான சொல் அதுதான். பவுல் எழுதிய கடிதங்களில் விசுவாசத்தில் முழுமையாக வளர்ந்தவரைக் குறிக்க ‘தெலெயோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வரும். எங்கள் பழைய தமிழ் வேதாகமம் கொரிந்தியருக்கும் பிலிப்பியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய கடிதங்களில் அதற்குப் போட்ட தமிழ், தேறினவர். முதிர்ச்சி என்றால் வயது ஞாபகம் வரும், நரை ஞாபகம் வரும். தேறினவர் என்பது வேறு தினுசான சொல். காய்ச்சல்காரன் தேறுகிறான். பிள்ளை சோதனையில் தேறுகிறது. செத்தவீட்டுக்குப் போனால் அழுகிறவரைத் தேற்றுகிறோம். பரிசுத்த ஆவியானவருக்கு அதே வேதாகமம் கொடுத்த பெயர் தேற்றரவாளன். நோய் தாண்டியவன், சோதனை தாண்டியவன், இன்னொருவனைத் தாங்கக்கூடியவன் எல்லாரும் அந்த ஒரு வேரில் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தம்பியின் வயதுக்காரருக்கு அது தெரியாது. குழாய்க்கிணறு வருவதற்கு முன், குளத்துத் தண்ணீர் கலங்கலாக வந்தால் வீட்டுப் பெண்கள் தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் மேல்தண்ணீர் கண்ணாடியாகிவிடும். கொட்டையில் உள்ள பசைப்பொருள் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. ஒட்டியது கனத்து அடியில் இறங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது, மண் எங்கேயும் போய்விடவில்லை. அடியில்தான் கிடக்கிறது. பானையை ஆட்டினால் திரும்பவும் கலங்கும். தேறின மனிதரிடம் கோபமும் பொறாமையும் இல்லாமற் போய்விட்டன என்று யாராவது சாட்சி சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியிருந்துதான் கேட்பேன். அவை அடங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். தாகமுள்ளவன் அள்ளிக் குடிக்க மேல்தண்ணீர் தெளிந்திருந்தால் போதும்.

“அப்ப சனம் தானாக வருமோ மாஸ்டர்?”

ஆனி மாதம் எங்கள் காட்டில் பாலை பழுத்தால் குரங்குக்கும் கரடிக்கும் யார் போய் அறிவித்தல் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்தான். சிரித்தாலும் திருப்திப்படவில்லை. அதனால் யோசேவாஸ் அடிகளின் கதையை எடுத்தேன். நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், அவர் கத்தோலிக்கர். அவரை இந்தத் தீவில் துரத்தியவர்களோ ஒல்லாந்துச் சீர்திருத்த சபைக்காரர், அதாவது எங்கள் பக்கத்துச் சொந்தம். அந்தக் கூச்சத்தோடுதான் இந்தக் கதையை எப்போதும் சொல்கிறேன்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை விரட்டினார்கள். ஒரு குருவை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை. கோவாவில் 1651இல் பிறந்த வாஸ் அடிகள் இதைத் தெரிந்துகொண்டுதான், 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் வள்ளமேறி வந்தார். யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டம் பிடித்துச் சாகக் கிடந்தார். எழும்பியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பார்கள். பிறகு சில்லாலைச் சனம் அவரைப் பொத்தி வைத்தது.

1692இல் கண்டி இராச்சியத்துக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அவர் மழை வரவழைத்தார் என்ற கதையைத்தான் கோயில்களில் அதிகம் சொல்வார்கள். எனக்கு அதைவிட 1697தான் பெரிது. அந்த ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகியிடம் அம்மை நோய்க்காக நேர்த்தி வைத்து வந்த எங்கள் ஊரில், அந்த நோய் எப்படிப்பட்டதென்று விளக்கத் தேவையில்லை. வசதியுள்ளவர்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். நோயாளியைப் பெற்றவர்களே காட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். வாஸ் அடிகளும் அவரோடு இருந்த கார்வாலோ அடிகளும் காட்டுக்குப் போனார்கள். கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள், கஞ்சி பருக்கினார்கள், சீழ் துடைத்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி பௌத்தனா கத்தோலிக்கனா என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குத் தன் இராச்சியத்தில் சுதந்திரமாக நடமாட இடங்கொடுத்தான். தம்பி இந்த இடத்தில் அவசரப்பட்டு, “ராசா ஞானஸ்நானம் எடுத்தவரோ?” என்று கேட்டான்.

இல்லை. ராசா பௌத்தனாகவே இருந்தான், பௌத்தனாகவே செத்தான். ஆனாலும் அந்தக் குருவை நம்பினான். ஈர்ப்பு என்று நீ எழுதியிருப்பது இதைத்தான் என்றால் எனக்குச் சம்மதம். தலை எண்ணுவதென்றால் அதற்கு வேறு பெயர் வை என்றேன். வாஸ் அடிகள் அந்தச் சீழைத் துடைக்கும்போது ‘இதைப் பார்த்து நாலு பேர் வருவார்கள்’ என்று நினைத்திருந்தால், நோயாளிக்கு அது முதலில் விளங்கியிருக்கும். கிடையில் கிடப்பவனுக்கு, தன்னைத் தொடுகிற கை எதற்காகத் தொடுகிறது என்பது உடனே தெரியும். மலைப்பிரசங்கத்தில் உப்பும் விளக்கும் உவமையாக வருவது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. உப்பு கறிக்குள் கரைந்து காணாமற் போகிறது. விளக்கைப் பார்ப்பதற்கென்று யாரும் விளக்கு ஏற்றுவதில்லை. கடல்நீர் எடுத்துவந்து காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிக்கிற ஊரில், உப்பையும் விளக்கையும் பற்றி நான் மேற்கொண்டு பேசினால் சைவக்காரர் சிரிப்பார்கள்.

வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கினார். இலங்கைக்கு முதல் புனிதர். அன்று பின்னேரமே பாப்பரசர் மடு மாதா கோயிலுக்கும் வந்துபோனார்.

தேத்தண்ணி ஆறிவிட்டது. தம்பி பேசாமல் இருந்தான். முன்னூறு வருசத்துக்கு முந்திய கண்டி அவனுக்குத் தூரமாக இருக்கலாம். ஆனால் வட்டுவாகல் பாலம் தூரமில்லை. போரின் கடைசி நாள்களில், 2009 மே 18இல், உருத்திரபுரத்துப் பங்குக்குரு சரத்ஜீவன் அடிகள், கடைசிவரை சனத்தோடு பதுங்குகுழியில் கிடந்து, அவர்களோடு அந்தப் பக்கத்தால் வெளியே வரும்போது நெஞ்சடைத்து இறந்தார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப் அடிகள், சரணடைந்தவர்களோடு அன்று போனவர் திரும்பி வரவில்லை. முன்னமே வெளியேறியிருக்கக் கூடியவர்கள் இருவரும். அவர்களைப் பற்றிச் சைவ வீடுகளில் இப்போதும் ‘எங்கட பாதர்’ என்றுதான் பேசுவார்கள். எங்கட என்ற அந்தச் சொல்லை எந்தத் துண்டுப்பிரசுரமும் வாங்கித் தராது.

தம்பி தாளைத் திரும்ப நீட்டி, “அப்ப எல்லாத்தையும் வெட்டட்டோ?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு இரவு நிற்பது, தனித்திருக்கும் கிழவிக்கு விறகு கொத்திக் கொடுப்பது என்று நல்ல குறிப்புகளும் அதில் இருந்தன. அவற்றைத் தலைப்பு இல்லாமல், சபையின் பெயர் போடாமல் செய்யச் சொன்னேன். ஒலிபெருக்கியை மட்டும் நானே வெட்டினேன். சந்திக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை இந்த வருசம் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறது, அது தேறவேண்டும்.