வீட்டுக் குப்பையும் வயல் எருவும்

நம் கிராமங்களின் செல்வம் யாது என்று கேட்டால் நிலம், நீர், கால்நடை, உழைப்பு என்று விடை கூறுவோம். குப்பையையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் இன்று மிகச் சிலரே. நம் முன்னோரோ வீட்டின் பின்புறத்து எருக்குழியை நெற்குதிருக்கு நிகராக மதித்தனர். கோடைக் காலத்தில் குழியிலிருந்த எருவை வாரி, வண்டிகளில் ஏற்றி, வயலெங்கும் சிறு சிறு குவியல்களாக இட்டு, மழை பெய்தவுடன் உழுது மண்ணோடு கலப்பது ஆண்டுதோறும் தவறாது நடந்த வேலையாகும். ‘எருச் செய்வதை இனத்தான் செய்யான்’ என்னும் பழமொழி அவர்களுடைய அனுபவத்தில் பிறந்தது.

அந்நாளில் வீட்டிலிருந்து வெளிவந்த கழிவில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வந்ததாகவே இருந்தது. ஆதலால் அது மண்ணிலேயே மக்கியது. காய்கறித் தோல், வாழையிலை, வைக்கோல், சாணம், சருகு ஆகியவற்றை ஒரே குழியில் கொட்டுவதால் தீங்கு ஏதும் நேரவில்லை. இன்று நிலைமை வேறு. பாலுறை, எண்ணெய் உறை, மளிகைப் பை, மாத்திரை அட்டை, உடைந்த கண்ணாடி, தீர்ந்துபோன பாட்டரி ஆகியவையும் அதே கூடையில் விழுந்து அதே குப்பைமேட்டை அடைகின்றன.

இதன் விளைவை விவசாயிகள் நன்கு அறிவார்கள். குப்பைமேட்டு எருவை வயலில் இட இன்று பலர் அஞ்சுகின்றனர். பிளாஸ்டிக் தாள்கள் மண்ணில் படிந்து, நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கின்றன. கண்ணாடித் துண்டுகள் நாற்று நடுவோரின் கால்களைக் கிழிக்கின்றன. குப்பைமேட்டில் மேயும் பசு உணவு வாசனைக்காகப் பையோடு சேர்த்து விழுங்குகிறது. அந்தப் பை செரிக்காமல் இரைப்பையிலேயே தங்கிச் சேர்ந்து, நாளடைவில் பசுவின் உயிருக்கே கேடாகிறது. நிலத்துக்கு உரமாக வேண்டிய பொருள் நிலத்துக்கும் கால்நடைக்கும் பகையாகிவிட்டது. இத்தனைக்கும் காரணம் ஒன்றே. தனித்தனியாக இருக்கும்வரை பயன்படும் பொருள்கள், ஒன்றாகக் கலந்தவுடன் பயனற்றுப் போகின்றன. ஆகவே, குப்பை எருவாவதும் நஞ்சாவதும் வீட்டு வாசலிலேயே தீர்மானமாகிறது.

பிரித்து வைத்தல்

ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கலங்கள் இருந்தால் போதும். மக்கக்கூடியவற்றுக்கு ஒன்று, காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி முதலிய மக்காதவற்றுக்கும் விற்கத்தக்கவற்றுக்கும் மற்றொன்று, ஆபத்தானவற்றுக்கு மூடியுள்ள சிறு கலம் ஒன்று. இதற்கென விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டுவதில்லை. பழைய எண்ணெய்த் தகரம், ஓட்டை விழுந்த வாளி, சாக்கு ஆகியவையே போதுமானவை. ஈரக் கழிவில் உலர்ந்த காகிதம் நனைந்தால் காகிதத்துக்கு விலை இல்லை. உலர்ந்த கழிவில் குழம்பும் சோறும் சேர்ந்தால் நாற்றமும் ஈயும் பெருகும். பொருளைக் கையிலிருந்து போடும்பொழுதே பிரித்துப் போடுவது ஒரு நொடி வேலை. கலந்ததைப் பின்னர்ப் பிரிப்பதோ ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலையையும் இன்னொருவர் கையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது. நம் ஊரின் தூய்மைக் காவலர்களும் மனிதர்களே என்பதை நாம் மறக்கலாகாது.

எருக்குழி அமைக்கும் முறை

1924 முதல் 1931 வரை இந்தூரில் பணிபுரிந்த ஆல்பர்ட் ஹோவர்டு என்ற வேளாண்மை அறிஞர், பண்ணைக் கழிவுகளைச் சாணத்தோடு அடுக்கி, காற்றும் ஈரமும் அளவோடு கிடைக்கச் செய்து, சில மாதங்களில் நல்ல மக்கு எருவாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாத் என்பவருடன் சேர்ந்து இதனை அவர் 1931ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். இந்தூர் முறை என்று உலகெங்கும் அறியப்பட்ட அதன் அடிப்படை உண்மைகள் நம் வீட்டுக் குழிக்கும் பொருந்தும்.

குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் இல்லாத மேடான இடத்தில், ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள குழிகள் இரண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். மழைநீர் உள்ளே புகாதபடி சுற்றிலும் வரப்பு அணைத்தல் அவசியம். முதற் குழியின் அடியில் சருகு அல்லது வைக்கோலைப் பரப்பி, நாள்தோறும் சேரும் அடுப்படிக் கழிவை அதன்மேல் இட்டு, ஒரு சாண் உயரம் சேர்ந்தவுடன் சாணக் கரைசல் தெளித்து, மண்ணைத் தூவி மூடி வர வேண்டும். காய்கறித் தோல், பசுந்தழை, சாணம் ஆகியவற்றில் தழைச்சத்து மிகுதி; சருகு, வைக்கோல் ஆகியவற்றில் கரிச்சத்து மிகுதி. இவ்விரு வகையும் கலந்திருந்தால்தான் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகும். பச்சைக் கழிவு மட்டும் இருந்தால் குழி அழுகி நாறும். சருகு மட்டும் இருந்தால் ஆண்டு கடந்தும் மக்காது.

ஈரத்தின் அளவை அறிய எளிய வழி உண்டு. குழியிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் கையில் ஈரம் தட்ட வேண்டும், நீர் ஒழுகலாகாது. ஒரு குழி நிறைந்ததும் மண்ணால் மூடிவிட்டு, அடுத்த குழியை உபயோகிக்கத் தொடங்கலாம். இரண்டாவது குழி நிறைவதற்குள், ஏறத்தாழ ஆறு மாதத்தில், முதற் குழி எருவாகிவிடும். நன்கு மக்கிய எரு கருநிறமாய், உதிரியாய், மழை பெய்த மண்ணின் மணத்தோடு இருக்கும். குழிக்கு இடமில்லாத வீட்டார் பழைய மண்பானையின் அடியில் சிறு துளைகள் இட்டு, அதிலேயே இம்முறைப்படி எரு தயாரிக்கலாம்.

சாம்பலைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறுவது நன்று. அடுப்புச் சாம்பலில் சாம்பல்சத்து நிறைய உண்டு. ஆனால் அது காரத்தன்மை உடையது. புதுச் சாணத்தோடும் கோமியத்தோடும் சேர்த்தால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். எனவே சாம்பலைத் தனியே சேர்த்து வைத்து, தென்னை, வாழை, கத்தரி ஆகியவற்றின் தூரில் நேரடியாக இடுவதே சிறந்தது. கோமியத்தையோ வீணாக்கலாகாது, கொட்டிலில் வைக்கோற் கூளத்தைப் பரப்பி வைத்தால், அது கோமியத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் அக்கூளத்தைக் குழியில் சேர்க்கலாம்.

கணக்குப் பார்ப்போம்

இத்தனை பாடுபடுவதால் விளையும் பயன் என்ன என்று சிலர் வினவலாம். 300 வீடுகள் கொண்ட ஓர் ஊரில் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ மக்கும் கழிவு சேர்வதாகக் கொள்வோம். ஆண்டுக்கு அது 109 டன்னுக்குக் குறையாது. மக்கியபின் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் 36 டன் எரு கிடைக்கும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்ற வழக்கமான அளவில், ஏழு ஏக்கர் நிலத்துக்கு இது போதுமானது. கால்நடைச் சாணம் இக்கணக்கில் சேரவில்லை. அதையும் இக்குழிகளில் சேர்ப்போமாயின் எருவின் அளவு பன்மடங்காகும்.

ஒரு டன் தொழுவுரத்தில் ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்து உண்டு. இது 11 கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்துக்குச் சமம். எனினும் எருவின் மதிப்பு இந்த எண்ணிக்கையில் அடங்குவதன்று. யூரியா பயிருக்கு உணவளிக்கும். எரு மண்ணுக்கு உயிரளிக்கும். மணற்பாங்கான நிலத்தில் நீரைப் பிடித்து வைப்பதும், இறுகிய களிமண்ணைப் பொலபொலப்பாக்குவதும் எருவினால்தான் இயலும். பருவமழை தாழும் ஆண்டில் இரண்டு நாள் கூடுதலாக ஈரம் தாங்கும் நிலமே பயிரைக் காப்பாற்றும் என்பதை மானாவாரி விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

கழிவுநீர்

குப்பையைப் போன்றே வீட்டுக் கழிவுநீரும் செல்வமே. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குச் செல்வது நம் பழைய வழக்கம். அதனைக் கைவிடாதிருப்போமாக. ஆனால் அத்தொட்டியில் உறையோ, ஊசியோ, கம்பியோ விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்ற குடிநீர்த் திட்ட அளவின்படி, ஐந்து பேர் உள்ள வீட்டில் 275 லிட்டர் நீர் புழங்குகிறது. அதில் பெரும்பகுதி குளியல், பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல் ஆகியவற்றின் கழிவாக வெளியேறித் தெருவில் தேங்குமாயின், கொசு பெருகும். அண்டை வீட்டாரோடு வழக்கும் வளரும். அந்நீரைச் சிறு கற்கள் நிரப்பிய தொட்டியின் வழியே வடியவிட்டு, வாழை, கல்வாழை, தென்னை ஆகியவற்றுக்குப் பாய்ச்சினால் பயனாகும். சமைக்காமல் உண்ணும் கீரை, கொத்துமல்லி முதலியவற்றுக்கு இந்நீரைப் பாய்ச்சுதல் கூடாது. தோட்டமில்லாத வீட்டார் உறிஞ்சுகுழி அமைப்பது நலம்.

மீண்டும் உபயோகித்தல்

எருவாகாத பொருள்கள் பலவற்றுக்கும் வீட்டிலேயே மறுவாழ்வு உண்டு. நம் தாய்மார்கள் இக்கலையில் வல்லவர்கள். பழைய காகிதத்தை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அப்பி வெயிலில் காயவைத்தால் உறுதியான கூடை கிடைக்கும். அதில் வற்றலும் பொரியும் சேமிக்கலாம். அதே கூழை மூங்கில் முறத்தில் பூசினால், ஓட்டை அடைபட்டு முறம் நீண்ட நாள் உழைக்கும். நைந்த வேட்டி கூழ் வற்றல் ஊற்றவும், கிழிந்த சேலை கால்மிதியாகவும், இன்னும் சற்று உறுதியான துணி கடைக்குக் கொண்டுபோகும் பையாகவும் ஆகும். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் நமக்கு நினைவூட்டியது இப்பழைய வழக்கத்தையே.

கொட்டாங்கச்சி அகப்பையாகும், வெந்நீர் அடுப்புக்கு எரிபொருளாகும், சேர்த்து வைத்தால் கரி தயாரிப்போர் விலைக்கும் வாங்கிச் செல்வர். ஆனால் அதனை வாசலில் மல்லாந்து கிடக்க விடுதல் பெருந்தவறு. அதில் தேங்கும் சிறிதளவு மழைநீரே டெங்கு பரப்பும் கொசுவுக்குப் போதுமான இடமாகும். முட்டையிலிருந்து கொசு வெளிவரப் பத்து நாட்களுக்கும் குறைவான காலமே போதும். ஆதலால் கொட்டாங்கச்சி, பழைய டயர், உடைந்த குடம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்தோ அப்புறப்படுத்தியோ விட வேண்டும்.

பிளாஸ்டிக்கும் ஆபத்தான பொருள்களும்

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கு வகைகளை 2019 ஜனவரி முதல் தமிழக அரசு தடை செய்துள்ளது. எனினும் உறைகள் வீட்டுக்கு வருவது முற்றிலும் நின்றுவிடவில்லை. அவற்றைக் கொளுத்திவிடுவது எளிய வழியாகச் சிலருக்குத் தோன்றும். சிலவகைப் பிளாஸ்டிக்குகளை எரிக்கும்பொழுது டையாக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள் புகையில் கலக்கிறது. அப்புகையை முதலில் சுவாசிப்போர் அவ்வீட்டுக் குழந்தைகளே. எனவே உறைகளைக் கழுவி, உலர்த்தி, ஒரு சாக்கில் சேர்த்துத் தூய்மைக் காவலரிடம் ஒப்படைப்பதே முறையாகும். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான சரளைக் கற்களின்மேல் உருகிப் படியச் செய்து, பின்னர்த் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டறிந்தார். 2018ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எருவுக்கு ஆகாத பொருள் சாலைக்கு ஆகலாம். ஆயின் அதுவும் சோறும் மண்ணும் கலவாது தூய்மையாக வந்தால்தான் இயலும்.

பாட்டரி, குழல்விளக்கு, சவர அலகு, காலாவதியான மருந்து ஆகியவற்றை எருக்குழியில் இடவே கூடாது. பூச்சிமருந்துப் புட்டிகளைப் பற்றி விவசாயிகள் மிகுந்த எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். மருந்து தீர்ந்ததும் புட்டியை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, புட்டியில் துளையிட்டு எவரும் மீண்டும் உபயோகிக்க இயலாதபடி செய்ய வேண்டும். அதில் எண்ணெயோ குடிநீரோ வைப்பது உயிருக்கே ஆபத்தாகும். எதையும் மீண்டும் உபயோகிக்கலாம் என்ற நம் கொள்கைக்கு இப்புட்டி விலக்கு.

பஞ்சாயத்தின் கடமை

தெருக்களைத் துப்புரவு செய்வதையும் குப்பைக் குவியல்களை அகற்றுவதையும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியின் கடமைகளுள் வைத்துள்ளது. ஆனால் வீட்டார் பிரித்து வைத்தும், வாங்க வருபவர் அனைத்தையும் ஒரே வண்டியில் கொட்டிக் கலந்தால், மறுநாள் முதல் எவரும் பிரிக்கமாட்டார்கள். ஆகவே வண்டியில் தடுப்பு அமைப்பதும், மக்காத பொருள்களைச் சேமிக்க ஒரு கொட்டகை ஏற்படுத்துவதும், அவற்றை வாங்குவோரிடம் முறையாகச் சேர்ப்பதும், தூய்மைக் காவலர்களுக்குக் கையுறை தவறாது வழங்குவதும் பஞ்சாயத்து முதலில் செய்ய வேண்டியவை.

ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முயல்வதைவிட ஒரு தெருவில் தொடங்குவது நன்று. பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் வீட்டிலேயே முதற்குழியை வெட்டட்டும். மகளிர் சுயஉதவிக் குழுவினர் அத்தெரு வீடுகளுக்கு முறையைச் செய்து காட்டட்டும். ஆறு மாதம் கழித்து, அக்குழியிலிருந்து எடுத்த எருவை ஒரு கூடையில் கிராம சபைக்குக் கொண்டுவந்து எல்லோரும் கையால் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். பல சொற்பொழிவுகள் செய்யாததை அந்த ஒரு கூடை எரு செய்யும்.

மண்ணிலிருந்து நாம் ஆண்டுதோறும் எடுக்கிறோம். எடுத்ததில் ஒரு பகுதியையேனும் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். அக்கடனைத் தீர்க்கும் பொருள் நம் வீட்டுக் கூடையிலேயே இருக்கிறது. அதனைக் கலந்து கெடுக்காமல் நிலத்துக்குக் கொண்டு சேர்ப்போமாக.