தோலறிந்து பூசுக

எள்ளிலிருந்து எடுக்கும் நெய் எண்ணெய். எள், நெய் என்னும் இரு சொற்களின் புணர்ச்சியே அது. பிற்காலத்தில் தேங்காய், செம்பனை முதலியவற்றின் நெய்யையும் எண்ணெய் என்றே வழங்கினோம். எள்ளின் நெய்க்கு ‘நல்லெண்ணெய்’ என்று அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. பெயர் பொதுவானது போலவே, பூசும் பொருள் எதுவாயினும் எல்லார் மேனிக்கும் பொருந்தும் என்னும் எண்ணமும் பரவிவிட்டது. அஃது உண்மையன்று.

தோலின் மேலடுக்கைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவர். இறந்த உயிரணுக்கள் செங்கற்கள்; இடையிலுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து கரைந்தால் உள்ளீரம் ஆவியாகி வெளியேறும். ஈப்போவைப் போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊரிலும் தோல் வறளுமோ எனின், வறளும். காரம் மிகுந்த சோப்பும், வெந்நீர்க் குளியலும், குளிரூட்டிய அறையும், முதுமையும் அதற்குக் காரணங்களாம்.

ஈரம் காக்கும் பொருள்கள் மூவகைப்படும். நீரை ஈர்த்து வைப்பவை கிளிசரினும் யூரியாவும். தோலை நெகிழச் செய்பவை எண்ணெய்கள். ஈரம் வெளியேறாமல் மூடுபவை வாசலின் போன்றவை. வாசலினுக்கு ராபர்ட் சீஸ்பரோ அமெரிக்காவில் 1872-இல் காப்புரிமை பெற்றார். கிளிசரின் நம் மண்ணோடு தொடர்புடையது. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னாளில் பேராக்கின் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அச்செம்பனை எண்ணெயைப் பிளக்கும்போது கிளிசரின் கிடைக்கிறது.

இனித் தேர்வு. வறண்ட தோலுக்குக் கெட்டியான கிரீமோ களிம்போ ஏற்றது. குளித்துத் துவட்டிய சில நிமிடங்களில், மேனி ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். தேங்காய் எண்ணெயும் உதவும். பிலிப்பைன்சு நாட்டில் நடந்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வறண்ட தோலுக்கு அது கனிம எண்ணெய்க்கு நிகராகப் பயன்பட்டது. ஆயினும் எண்ணெய்ப்பசை மிகுந்து பரு தோன்றும் முகத்திலும் முதுகிலும் அதனைத் தவிர்த்தல் நன்று. அங்கு நீர்த்தன்மையுள்ள இலேசான லோஷன் போதும். இரண்டும் கலந்த தோலுக்கு இடத்திற்கேற்ப இரு பூச்சுகள் வேண்டும். எளிதில் சிவந்து எரியும் தோலுக்கு நறுமணம் சேர்க்காததே தக்கது. அதனையும் முன்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்த்த பின்னரே மேனி முழுதும் பூசுக. மூலிகையாயின் தீங்கில்லை என்பதும் தவறு. மூலிகையும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

பால்மரம் வெட்டி ஓய்ந்த முதியோரை இங்கே சிறப்பாக நினைக்க வேண்டும். முதுமையில் கணுக்கால் வறண்டு அரிக்கும், குதிகால் வெடிக்கும். நீரிழிவு உள்ளவருக்கு இவ்வெடிப்பு அழகுக் குறையன்று. நரம்பு உணர்விழந்திருந்தால் வெடிப்பின் வலி தெரியாது. புண் சீழ்பிடித்துக் காலையே இழக்க நேரலாம். ஆகவே நாள்தோறும் காலைப் பார்வையிட்டு, குதிகாலில் யூரியா கலந்த கிரீம் பூசுக. விரலிடுக்கில் பூசலாகாது, அங்கு ஈரம் தங்கின் பூஞ்சை பற்றும். புண் கண்டால் பூச்சை நம்பியிராது மருத்துவரிடம் செல்க.

இன்னொன்று. மேனியை வெளுப்பாக்கும் என விற்கும் சில கிரீம்களில் பாதரசம் இருப்பதை மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பலமுறை எச்சரித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முகமைக்கு அறிவிக்கப்பட்ட பொருள்தானா என்று பார்த்தே வாங்குக.

தோலின் கடமை உடலைக் காப்பது, நிறத்தைக் காட்டுவதன்று. விலையையும் விளம்பரத்தையும் நோக்காது, தோலின் இயல்பை நோக்கித் தேர்வதே அறிவுடைமை. இதனை மாணவர்க்கும், அவர்கள் வழியாக வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியர்க்கும் ஆசிரியர்கள் எடுத்துரைப்பார்களாக.