கோட்டை பார்க்கப் போவோம்

பெங்களூரில் தமிழ் பேசும் உழைப்பாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் கட்டட வேலை செய்கிறார்கள். சிலர் பூ விற்கிறார்கள். சிலர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பல ஆண்டுகளாக அதே ஊரில் வாழ்கிறார்கள். ஆனால் வீடு, வேலை, சந்தை என்ற மூன்றைத் தவிர வேறு இடம் பார்த்திராதவர்கள் பலர்.

"ஊர் சுற்றுவது பணக்காரர் வேலை."

"அதெல்லாம் படித்தவர்கள் போகிற இடம்."

இப்படி நாமே சொல்லிக்கொள்கிறோம். இது சரியா? காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பும் தூரத்தில் நல்ல இடங்கள் இருக்கின்றன. கோட்டை இருக்கிறது. மலை இருக்கிறது. ஆறு இருக்கிறது. பழைய நகரம் இருக்கிறது. அவை எல்லோருக்கும் பொதுவானவை. நமக்கும் சொந்தம்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களும் இந்த இடங்களுக்குப் போகலாம். வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

கோட்டை என்றால் என்ன?

கோட்டை என்பது பாதுகாப்புக்காகக் கட்டிய இடம். அதைச் சுற்றி உயரமான சுவர் இருக்கும். அதற்கு மதில் என்று பெயர். மதிலுக்கு வெளியே ஆழமான பள்ளம் வெட்டித் தண்ணீர் விடுவார்கள். அது அகழி. மதிலில் அங்கங்கே அரைவட்டமாக வெளியே நீட்டிக்கொண்டு சில பகுதிகள் இருக்கும். அவை கொத்தளங்கள். அங்கே நின்றால் எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும்.

பல கோட்டைகளில் வாசல் நேராக இருக்காது. உள்ளே நுழைந்ததும் வழி திரும்பும். ஏன்? நேரான வழி என்றால் யானையும் படையும் வேகமாக ஓடி வந்து கதவை முட்டும். வழி திரும்பினால் வேகம் குறையும். அந்த நேரத்தில் மதில் மேல் இருப்பவர்கள் தாக்குவார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு போனால் கோட்டை வெறும் கல்லாகத் தெரியாது. ஒவ்வொரு கல்லுக்கும் காரணம் தெரியும்.

இப்போது மூன்று கோட்டைகளைப் பார்ப்போம். மூன்றையும் ஒரே கதை இணைக்கிறது. அது ஐதர் அலி, அவர் மகன் திப்பு சுல்தான் ஆகியோரின் கதை.

முதல் பயணம்: பெங்களூர்க் கோட்டை

இதற்கு அரை நாள் போதும். கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட் எல்லோருக்கும் தெரியும். அங்கே காய்கறியும் பூவும் வாங்கப் போகிறோம். அதன் பக்கத்திலேயே ஒரு கோட்டை வாசல் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். உள்ளே போகிறவர்கள் சிலர்தான்.

1537-ல் கெம்பே கவுடா இங்கே மண் கோட்டை கட்டினார். 1761-ல் ஐதர் அலி அதைக் கல் கோட்டையாக மாற்றினார். 1791 மார்ச் 21-ல் ஆங்கிலேயர் படை மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. அந்தப் படைக்குத் தலைவர் கார்ன்வாலிஸ். பிறகு நகரம் வளர்ந்தது. கோட்டையின் பெரும் பகுதியை இடித்துவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாசலும் கொஞ்சம் மதிலும்தான்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் திப்புவின் கோடைக்கால அரண்மனை இருக்கிறது. 1791-ல் கட்டி முடித்தது. பெரும்பாலும் தேக்கு மரம். தூண்களின் அழகைப் பாருங்கள். தச்சு வேலை தெரிந்தவர்கள் உடன் வந்தால் இன்னும் நல்லது. அவர்கள் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லலாம்.

இரண்டாவது பயணம்: தேவனஹள்ளியும் நந்தி மலையும்

பெங்களூரிலிருந்து வடக்கே சிக்கபள்ளாப்பூர் போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் தேவனஹள்ளி வரும். விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஊர். திப்பு பிறந்த ஊர் இதுதான். அவர் பிறந்த இடத்தில் ஒரு சிறிய கல் மண்டபம் இருக்கிறது. இங்குள்ள கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வீடும் கோயிலும் தெருவும் உள்ளே இருக்கின்றன.

அங்கிருந்து நந்தி மலைக்குப் போகலாம். இது பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மலையின் உயரம் 1478 மீட்டர். காலை நேரத்தில் மேகம் நமக்குக் கீழே போகும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

மலை உச்சியிலும் ஒரு கோட்டை உண்டு. இவ்வளவு உயரத்தில் இருப்பதால் யாரும் பிடிக்க முடியாது என்று நினைத்தார்கள். 1791 அக்டோபரில் ஆங்கிலேயர் அதையும் பிடித்துவிட்டார்கள்.

மலையடிவாரத்தில் நந்தி என்ற ஊர் இருக்கிறது. அங்கே போகநந்தீசுவரர் கோயிலைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழைமையானது. நுளம்பர், சோழர், விஜயநகர அரசர் எனப் பலர் காலத்தில் அங்கே கட்டட வேலை நடந்திருக்கிறது. படிகள் சூழ்ந்த பெரிய குளமும் உண்டு.

கவனம்! நந்தி மலையில் செங்குத்தான பாறைகள் இருக்கின்றன. தடுப்புச் சுவரைத் தாண்டிப் போகாதீர்கள். போட்டோ எடுக்கப் பாறை விளிம்பில் நிற்காதீர்கள். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். சாப்பாட்டை மூடி வையுங்கள்.

மூன்றாவது பயணம்: சீரங்கப்பட்டணம்

இதற்கு முழு நாள் வேண்டும். பெங்களூரிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். மைசூருக்குச் சுமார் 15 கிலோமீட்டர் முன்பே வரும்.

நம் காவிரி ஆறு இங்கே இரண்டாகப் பிரிகிறது. பிறகு மீண்டும் ஒன்று சேர்கிறது. நடுவில் இருக்கும் தீவுதான் சீரங்கப்பட்டணம். ஊருக்குப் பெயர் கொடுத்தவர் அரங்கநாதர். காவிரிக் கரையில் மூன்று அரங்கம் உண்டு என்பார்கள். முதல் அரங்கம் இது. நடு அரங்கம் சிவசமுத்திரம். கடைசி அரங்கம் நம் திருச்சி ஸ்ரீரங்கம்.

இந்தக் கோட்டைக்கு ஆறுதான் அகழி. மழை பெய்து வெள்ளம் வந்தால் எதிரி கடக்க முடியாது. 1791-ல் கார்ன்வாலிஸ் படையோடு இதுவரை வந்தார். மழையும் வந்தது. உணவும் தட்டுப்பட்டது. அவர் திரும்பிப் போனார். 1792-ல் மறுபடி வந்தார். திப்பு தன் நாட்டில் பாதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டுக்கல் பகுதிகள் அப்போதுதான் ஆங்கிலேயர் கைக்குப் போயின. திப்புவின் இரண்டு சிறு பிள்ளைகளையும் பணயமாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள்.

கடைசிப் போர் 1799-ல் நடந்தது. மே மாதம் 4-ம் தேதி. கோடைக் காலம். ஆற்றில் தண்ணீர் குறைவு. உச்சி வெயில் நேரத்தில் ஆங்கிலேயர் படை ஆற்றைக் கடந்து மதிலின் உடைந்த பகுதி வழியாக ஏறியது. அன்று திப்பு போரில் இறந்தார். அவர் உடல் கிடந்த இடத்தில் இன்று ஒரு கல் நிற்கிறது. அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலையில் நம் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்தது அதே வேலூர்க் கோட்டையில்தான்.

இங்கே பார்க்க வேண்டியவை நான்கு.

1. அரங்கநாதர் கோயில். கோட்டைக்குள் இருக்கிறது.

2. திப்பு கட்டிய ஜும்மா மசூதி. இரண்டு உயரமான கோபுரங்கள் உள்ளது.

3. தரியா தௌலத் மாளிகை. 1784-ல் கட்டியது. இதன் சுவரில் பெரிய ஓவியம் இருக்கிறது. 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் நடந்த போரைக் காட்டுகிறது. அந்தப் போரில் ஆங்கிலேயர் தோற்றார்கள்.

4. கும்பஸ். ஐதர் அலி, அவர் மனைவி, திப்பு ஆகிய மூவரின் சமாதி இது.

பக்கத்தில் ரங்கனதிட்டு என்ற பறவைச் சரணாலயம் இருக்கிறது. ஆற்றின் நடுவே சின்னச் சின்னத் தீவுகள். மரம் நிறையக் கொக்கும் நாரையும். படகில் போய்ப் பார்க்கலாம்.

கவனம்! இங்கே காவிரியில் முதலைகள் உண்டு. சுழலும் உண்டு. கண்ட இடத்தில் குளிக்க இறங்காதீர்கள். பிள்ளைகளைக் கரையில் தனியே விடாதீர்கள்.

இதனால் நமக்கு என்ன?

எங்கள் வகுப்பில் ஓர் அம்மா கேட்டார்: "ராஜா கட்டினான், ராஜா செத்தான். அதைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது?"

நல்ல கேள்விதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொத்தனார் ஒருவர் பதில் சொன்னார்: "ராஜா எங்கேம்மா கட்டினான்? நம்ம மாதிரி ஆளுங்கதானே கட்டினாங்க!"

உண்மைதானே! பலகையில் அரசர் பெயர் இருக்கும். கல் உடைத்தவர் பெயர் இருக்காது. மண் சுமந்த பெண் பெயர் இருக்காது. ஆனால் அவர்கள் செய்த வேலை இன்றும் நிற்கிறது. அதைப் போய்ப் பார்ப்பது நம் முன்னோரைப் பார்ப்பது போல.

இன்னொன்றும் இருக்கிறது. ஓர் அரசரைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஆங்கிலேயரை எதிர்த்து உயிர் கொடுத்த வீரர் என்று திப்புவைப் பலர் போற்றுகிறார்கள். குடகிலும் மலபாரிலும் அவர் நடத்திய போர்களில் மக்கள் மிகவும் துன்பப்பட்டார்கள். அதையும் மறைக்க முடியாது. நேரில் பாருங்கள். பலரிடம் கேளுங்கள். பிறகு நீங்களே யோசியுங்கள். யாரோ சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எழுத்தறிவு இதற்குத்தானே!

பலகை கன்னடத்தில் இருக்கிறதே!

நாம் கற்றது தமிழ் எழுத்து. பஸ் பலகையோ கன்னடத்தில் இருக்கிறது. என்ன செய்வது? பயப்பட வேண்டாம்.

போகும் ஊரின் பெயரைக் கன்னடம் தெரிந்த ஒருவரிடம் தாளில் பெரிதாக எழுதி வாங்குங்கள். அதன் கீழே நீங்கள் தமிழில் எழுதுங்கள். பஸ் பலகையோடு தாளை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா? இருந்தாலும் ஒருமுறை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மைசூர் பஸ்கள் எல்லாம் சீரங்கப்பட்டணத்துக்குள் போகாது. சில பஸ்கள் புறவழிச் சாலையில் நேராக மைசூர் போய்விடும். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. முதலிலேயே கேளுங்கள்.

நந்தி மலைக்குப் பஸ் குறைவு. போய் இறங்கியதும் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எந்த நாள் விடுமுறை, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதை வாசலில் எழுதியிருப்பார்கள். எண்கள் நமக்குத் தெரியும். படித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள். டிக்கெட்டை வாங்கி அதில் உள்ள தொகையையும் பாருங்கள். மத்திய அரசின் தொல்லியல் துறை காக்கும் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

செலவுக்கு என்ன வழி?

10 பேர் சேருங்கள். ஆளுக்கு வாரம் 20 ரூபாய் போடுங்கள். வாரத்துக்கு 200 ரூபாய் சேரும். 10 வாரத்தில் 2000 ரூபாய். கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லோரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2023 ஜூன் மாதம் தொடங்கிய சக்தி திட்டத்தில், அந்த மாநில அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். சொகுசு பஸ்களுக்கு இது பொருந்தாது. வேறு மாநிலம் போகவும் பொருந்தாது.

புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் போனால் கூலியும் போகாது.

சுவரில் எழுதாதீர்கள்

கோட்டைச் சுவர்களைப் பாருங்கள். ஆணியால் கீறிய பெயர்கள் இருக்கும். செங்கல்லால் எழுதிய பெயர்கள் இருக்கும். எழுதியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான்! என்ன பயன்?

அரசு பாதுகாக்கும் பழைய சின்னங்களைக் கெடுப்பது குற்றம். 2010-ல் திருத்திய சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

கல்லைக் கட்டியவர் தன் பெயரை அதில் எழுதவில்லை. பார்க்க வந்த நாம் எழுதலாமா? உங்கள் பெயரை நோட்டில் எழுதுங்கள். போன தேதியை எழுதுங்கள். பார்த்ததை நான்கு வரி எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்ன கோட்டை, கோயில், மலை இருக்கிறது?

2. கோட்டை வாசல் ஏன் நேராக இருப்பதில்லை?

3. 12 பேர் வாரம் 25 ரூபாய் போட்டால் 8 வாரத்தில் எவ்வளவு சேரும்?

4. உங்கள் குழு முதலில் எங்கே போகும்? நாள், நேரம், ஆட்கள், செலவு ஆகியவற்றை எழுதுங்கள்.