பத்து ரூபாய்க்கு ஒரு செங்கல்

ஸ்கூல் படிக்கும்போது உங்க கையிலும் ஒரு வசூல் அட்டை கொடுத்திருப்பாங்க, ஞாபகம் இருக்கா? பெயர், தொகை, கையெழுத்து என்று வரிசையாகக் கட்டங்கள். இவ்வளவு வசூலித்தால் சர்டிஃபிகேட், அதற்கு மேல் போனால் மெடல். அப்பா ஆபீஸில் நாலு பேர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்று அலைந்து, மிச்சக் கட்டத்தை அம்மாவே நிரப்பித் தருவார். அந்தப் பணம் கடைசியில் என்ன ஆனது என்று கேட்டால் நம்மில் பல பேருக்குப் பதில் தெரியாது.

இப்போ நாம் அட்டை கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். என்.எஸ்.எஸ்., ரோட்டராக்ட் என்று எதிலாவது இருந்தால், "கஷ்டப்படுற ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித் தரலாம், பக்கத்து ஸ்கூல் பசங்களையும் சேர்த்துக்கலாம்" என்ற பேச்சு ஒருநாள் வரும். நல்ல யோசனைதான். ஆனால் பிள்ளைகளை எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், இதை நீண்ட காலமாகச் செய்துவரும் ஒரு அமைப்பைப் பார்ப்போம். ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சின்ன ஊரில், மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி 1976-ல் ஆரம்பித்தது. இந்தியாவில் 1983 முதல் இருக்கிறது. 2006-ல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் லோனாவாலா பக்கத்தில் வந்து செங்கல் அடுக்கியது இவர்களுடைய வேலைக்குத்தான். இவர்கள் வீட்டைச் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் வீடு வாங்கும் குடும்பமும் கட்டுமானத்தில் உழைக்க வேண்டும். தங்களால் முடிந்த மாதத் தவணையைக் கட்ட வேண்டும். அந்தத் தவணைப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். அதனால் அந்தக் குடும்பம் யார் முன்னாலும் கையேந்தி நிற்பதில்லை.

அங்கே பிள்ளைகளுக்கு என்ன வேலை தெரியுமா? கட்டுமானம் நடக்கும்போது 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களை சைட்டுக்குள் விடவே மாட்டார்கள். 16, 17 வயதுக்காரர்கள் வரலாம். ஆனால் கூரை மேல் ஏறுவதோ பவர் டூல் தொடுவதோ கூடாது. சின்னப் பிள்ளைகள் நிதி திரட்டுவார்கள், வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள், புது வீட்டுக்கு வாழ்த்து அட்டை வரைவார்கள். வயதுக்கேற்ற வேலை, அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2024-ல் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். அதாவது, ஒரு ஸ்கூல் உண்டியலில் முழு வீடு எழும்பாது. "நீங்க வீடு கட்டித் தரப் போறீங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது பொய். "ஒரு சுவர் உங்களுடையது" என்று சொல்லுங்க. அது நிஜம், கணக்கும் போடலாம்.

19×9×9 செ.மீ. செங்கலைச் சாந்தோடு சேர்த்தால் 20×10×10 செ.மீ. ஒரு கன மீட்டருக்கு 500 செங்கல். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 20 செ.மீ. தடிமன் உள்ள சுவர் என்றால் 1.8 கன மீட்டர், 900 செங்கல். ஒரு செங்கல் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செங்கலுக்கு மட்டும் 9,000 ரூபாய். அளவும் விலையும் ஊருக்கு ஊர் மாறும், பக்கத்துச் சூளையில் கேட்டுப் போடுங்க. எட்டாம் வகுப்புப் பையனுக்கே இந்தக் கன அளவுக் கணக்கு வரும். சிமெண்ட், மணல், கொத்தனார் கூலி எல்லாம் தனி என்று அவனே கேள்வி கேட்க ஆரம்பிப்பான். அட்டையும் மெடலும் இந்தக் கேள்வியைக் கொண்டுவராது.

இனி, நாம் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று டார்கெட் வைக்காதீங்க. 300 பேர் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு 30 ரூபாய் என்றால் கணக்கு சரியாக வரும். ஆனால் அந்த 30 ரூபாயைக் கேட்க முடியாத வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் எழுதாத ஒரே உண்டியல் போதும். பழைய பேப்பர் சேகரிப்பு, உணவுத் திருவிழா என்று உழைத்துச் சம்பாதிக்கும் வழி இருந்தால் காசு இல்லாத பிள்ளையும் தலை நிமிர்ந்து சேரலாம்.

இரண்டு, தெரியாத வீட்டுக் கதவைத் தட்டவோ சிக்னலில் நிற்கவோ பிள்ளைகளை அனுப்பாதீங்க. பிரிட்டனில் வீடு வீடாக நன்கொடை வசூலிக்க 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

மூன்று, இதுதான் முக்கியம். உதவி பெறும் குடும்பத்தை மேடை ஏற்றாதீங்க. ஒழுகும் கூரையை போட்டோ எடுத்து போஸ்டர் அடிப்பது, பிரேயரில் அவர்களை நிற்க வைத்து நன்றி சொல்லச் சொல்வது, எதுவும் வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை அதே பள்ளியில் படிக்கலாம். வீடு கிடைத்த பிறகும் "நாங்க காசு போட்டுக் கட்டின வீடு" என்ற பேச்சோடு அது ஸ்கூலுக்கு வர வேண்டியிருக்கும். குடும்பத்தின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியாமலே சுவர் எழும்பலாம், ஒன்றும் குறையாது.

நான்கு, கணக்கு. இரண்டு பெரியவர்கள் சேர்ந்து உண்டியலைத் திறந்து எண்ண வேண்டும். வந்தது எவ்வளவு, எத்தனை செங்கல் வாங்கினோம், பில் எங்கே என்று ஸ்கூல் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நம் பங்கு ஒன்று இருக்கிறது. நிலத்துக்குப் பட்டா இருக்கிறதா, அரசுத் திட்டத்தில் அந்தக் குடும்பத்துக்குத் தகுதி உண்டா என்று ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்பது. தகுதி இருந்தால் விண்ணப்பம் எழுத உதவுங்க. அரசுப் பணத்தில் துண்டு விழும் இடத்தைப் பிள்ளைகள் நிரப்பட்டும். கழிவறைக் கதவு, ஜன்னல், வயரிங் என்று நிறைய இருக்கும். அந்த எஸ்டிமேட்டைப் போட நாலு வருஷம் படித்தவர்கள் நாம்தானே? இந்த செமஸ்டரில் உங்க யூனிட் ஏதாவது பள்ளிக்குப் போவதாக இருந்தால், உண்டியலைத் தேடுவதற்கு முன்னால் அந்த எஸ்டிமேட்டைத் தயார் பண்ணிக்கொண்டு போங்க.