பரண் தொட்டியும் ஷவர் பம்பும்

பிரிட்டனில் 1951-ல் மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது, மூன்றில் ஒரு குடும்பத்துக்கும் மேல் வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. வெந்நீர் காய்ச்சி, கணப்புக்கு முன்னால் தகரத் தொட்டியைப் போட்டு, ஒருவர் குளித்த தண்ணீரிலேயே அடுத்தவரும் குளிப்பார்.

பிறகு குளியலறை வந்தது. கூடவே கூரைக்கடியில், பரணில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே ஓர் அலமாரிக்குள் செம்பில் செய்த வெந்நீர் சிலிண்டர். துவைத்த துணியின் மிச்ச ஈரம் உலர்ந்ததும் அந்த அலமாரியின் கதகதப்பில்தான். தெருக்குழாயின் அழுத்தத்தை நேராகச் சிலிண்டருக்குள் விட அன்றைய விதிகள் இடம் தரவில்லை. பரண் தண்ணீர் தானாக இறங்கினால்தான் உண்டு. தொட்டியை நிரப்பிப் படுத்துக் குளிக்கிறவருக்கு அது போதும். ஷவருக்கு எப்படிப் போதும்? பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. மாடிக் குளியலறையில் ஷவருக்கும் பரண் தொட்டிக்கும் நடுவே ஒரு மீட்டர் தேறினால் பெரிது, கிடைப்பது 0.1 பார். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் பழைய வரிசை வீடுகளில் குடியேறிய நம்மவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பக்கெட்டை நம்பியதில் வியப்பில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஷவர் பம்ப். வாங்குவது எளிது, குழாய் இழுப்பதில்தான் சூட்சுமம். தண்ணீர் சுட்டால் அதில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து சிலிண்டரின் உச்சியில் சேரும். உச்சியிலிருந்து கிளம்பும் காற்றுக்குழாயிலேயே பம்பை இணைத்தால் அது தண்ணீரோடு காற்றையும் குடித்து, இரைந்து, சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் உச்சியில் 'சர்ரே பிளேஞ்ச்' என்ற இணைப்பைப் பொருத்துவார்கள். அதன் உள்குழாய் சற்றுக் கீழே இறங்கித் தண்ணீரை மட்டும் எடுக்கும். காற்று தன் வழியே மேலே போய்விடும். சிலிண்டரின் பக்கவாட்டில் துளையிட்டுப் பொருத்துவது 'எஸ்ஸெக்ஸ் பிளேஞ்ச்'.

பச்சைத் தண்ணீருக்கும் பரண் தொட்டியிலிருந்து தனிக்குழாய் வேண்டும். அதன் வாயைச் சிலிண்டருக்குப் போகும் குழாயின் வாயைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைப்பார்கள். தொட்டி வற்றினால் முதலில் வெந்நீர் நிற்கும். குளிப்பவர் மேல் கொதிநீர் கொட்டாது. இவ்வளவு யோசித்துச் செய்த வேலை அலமாரிக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

1980-களின் நடுவில் விதிகள் தளர்ந்தன. தெருக்குழாய் அழுத்தத்திலேயே ஓடும் சிலிண்டர் வந்தது. கூடவே, குழாயைத் திறந்த கணத்தில் நீரைச் சூடாக்கும் 'காம்பி' பாய்லர் பரவியது. காம்பி வந்த வீடுகளில் பரண் தொட்டியும் சிலிண்டரும் ஒருசேரக் கழன்றன. அலமாரி சாமான் அறையானது. அழுத்தம் போதவில்லையென்று பம்பை நேராகத் தெருக்குழாயில் மாட்டிவிடவும் முடியாது: நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுப்பதானால் நீர் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். வசதி கூடியது உண்மைதான். ஆனால் தெருவில் குழாய் உடைந்தால் முன்பு பரணில் இருநூறு லிட்டராவது இருக்கும். காம்பி வீட்டில் அந்த நிமிடமே குழாய் வறண்டுவிடும்.

இப்போது எரிவாயுவைக் குறைக்க வெப்பப் பம்புகளை வைக்கிறார்கள். அவற்றால் உடனுக்குடன் வெந்நீர் தர முடியாது, சேமித்தே ஆக வேண்டும். அதனால் கழற்றி எறிந்த சிலிண்டருக்கு மறுபடி இடம் தேடுகிறார்கள். ஆனால் இப்போது வருவது பெரும்பாலும் தெருக்குழாய் அழுத்தத்தில் ஓடும் சிலிண்டர். ஷவர் பம்புக்கு அதில் வேலை இல்லை.