செவி நரம்பே போன பிறகும் ஓசை கேட்கும், தெரியுமா?

காதுக்குள் கருவி வைத்துக் கேட்க வைப்பது பழைய செய்தி. காதையே விட்டுவிட்டு, மூளைத்தண்டில் கருவி வைத்துக் கேட்க வைக்கிறார்களே, அது தெரியுமா? 1979இலேயே செய்துவிட்டார்கள்! லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்லியம் ஹவுஸ், வில்லியம் ஹிட்செல்பெர்கர் என்ற இரு வைத்தியர்கள் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக இதைப் பொருத்தினார்கள்.

ஏன் மூளை வரை போனார்கள்? என்.எஃப்.2 என்றொரு நோய். இரண்டு காது நரம்புகளிலும் கட்டி வளரும். புற்றுநோய் அல்ல, ஆனால் மூளைத்தண்டையே நெருக்கும். கட்டியை எடுக்கும்போது நரம்பும் சேர்ந்து போய்விடுவதுண்டு. அதன்பின் உட்காதில் கருவி வைப்பது, மண்சரிவில் பாலம் போன தோட்டத்துக்கு இக்கரை வரை ரோட்டுப் போடுகிற வேலைதான். ஆகவே அக்கரைக்கே போய், செவி நரம்பு மூளைத்தண்டில் சேரும் இடத்திலேயே மின்வாய்களைப் பதிக்கிறார்கள்.

2000இல் அமெரிக்க அரசு அனுமதித்த கருவியின் தகடு எத்தனை பெரிது? நீளம் 8.5 மில்லிமீற்றர், அகலம் 3. அதில் 21 மின்வாய்கள்! காதோரம் மாட்டிய ஒலிவாங்கி பிடிக்கிற சத்தம், தலைத்தோலுக்கு அடியிலுள்ள கருவி வழியாக அந்தத் தகட்டுக்குப் போகிறது.

பக்கத்திலேயே முகத்தை அசைக்கும் நரம்பு, விழுங்க வைக்கும் நரம்பு. இடம் கொஞ்சம் பிசகினால் சத்தத்துக்குப் பதில் தொண்டை கூசும், தலை சுற்றும்! அதனால் காயம் ஆறியபின் மின்வாய்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, தொல்லை தருகிறவற்றை அணைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு விந்தை. உட்காதின் நத்தைச்சுருளில் சுருதிகள் நீளவாக்கில் வரிசையாக இருக்கின்றன. மூளைத்தண்டிலோ ஆழத்தை நோக்கி இறங்குகின்றன. மேற்பரப்பில் ஒட்டிய தகடு எல்லாச் சுருதியையும் எட்டாது. கட்டி நோயாளிகளில் பலருக்கு வாகன ஹோர்னும் கதவு தட்டுவதும் கேட்கும், வாயசைவைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பேச்சும் புரியும். தொலைபேசியில் பேசுகிறவர்கள் மிகச் சிலரே. எனக்கு இவ்வளவு கேட்பதே பெரிய காரியமாகத் தெரிகிறது. முழுச் செவிடாகிப் போன ஒரு தாய்க்கு, லயத்து வாசலில் பிள்ளை கூப்பிடுவது திரும்பக் கேட்கிறதே!

இதெல்லாம் தூரதேசத்துக் கதையா? இல்லை. தென்னாசியாவில் இதை முதலில் செய்தவர் சென்னையின் டாக்டர் மோகன் காமேஸ்வரன். செவி நரம்பே இல்லாமல் பிறந்த பிள்ளைகளுக்கும் அங்கே இதைப் பொருத்துகிறார்கள்.

பலாங்கொடையிலும் தெரணியகலையிலும் தோட்டங்களில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. காது மந்தமானால் ஸ்டோர் மெஷின் சத்தத்தின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். மெஷின் சத்தம் பொதுவாக இரண்டு காதையும்தான் கெடுக்கும். ஒரு காது மட்டும் மந்தமாகி, இரைச்சலும் தள்ளாட்டமும் சேர்ந்தால், காது நரம்பில் கட்டி இருக்கலாம்; தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் இரத்தினபுரி அல்லது கேகாலை பெரியாஸ்பத்திரியில் காது வைத்தியரிடம் காட்டுங்கள். என்.எஃப்.2 உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.